உள்ளே ஆள் இருக்கும் அரக்கர்கள்: 'தி டார்க் கிரிஸ்டல்' குறித்து

ஒரு கிழட்டுப் பேரரசன் படுக்கையில் கிடக்கிறான். பிணந்தின்னிக் கழுகின் அலகும் முதலையின் தோலும் சேர்ந்ததுபோன்ற அவனுடைய முகம் பாதி உலர்ந்துவிட்டது. படுக்கையைச் சுற்றி அவனுடைய இனத்தார் நின்று, உயிர் எப்போது போகும் என்று காத்திருக்கிறார்கள். அழுவதற்கு ஒருவரும் இல்லை. அரண்மனைக் காரியக்காரனான சேம்பர்லேன் மெல்லக் கையை நீட்டிச் செங்கோலைத் தொடப் பார்க்கையில் கிழவன் விழித்துக்கொள்கிறான். செங்கோலை இறுகப் பற்றியபடி, இன்னும் நான்தான் அரசன் என்று சீறுகிறான். சற்று நேரத்தில் மூச்சு அடங்குகிறது. பிறகு அந்த முகம் விரிசல் விட்டு, நொறுங்கி, தூளாக உதிர்கிறது. 1982 டிசம்பரில் வெளிவந்த 'தி டார்க் கிரிஸ்டல்' படத்தின் தொடக்கப் பகுதியில் இந்தக் காட்சி வருகிறது. குழந்தைகளுக்கான தொலைக்காட்சிப் பொம்மைகளால் உலகப் புகழ் பெற்ற ஜிம் ஹென்சனும் அவருடைய நெடுநாள் கூட்டாளி ஃபிராங்க் ஆஸும் சேர்ந்து இயக்கிய படம் இது என்பதை அறிந்து பார்க்க வந்தவர்கள், அந்தத் தூளைப் பார்த்ததுமே தாங்கள் வேறு ஏதோ ஓர் இடத்துக்கு வந்துவிட்டதை உணர்ந்திருப்பார்கள்.

கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் படிகம் விரிசல் கண்டது. அதிலிருந்து ஒரு சில்லு தெறித்துத் தொலைந்தது. அன்றைக்கு இரண்டு இனங்கள் தோன்றின. கோட்டையில் இருந்துகொண்டு உலகை உறிஞ்சி வாழும் கொடிய ஸ்கெக்ஸிஸ் ஓர் இனம்; செத்துப்போன அந்தப் பேரரசன் இவர்களில் ஒருவன். பள்ளத்தாக்கில் ஒடுங்கிச் சடங்குகளோடு காலம் கழிக்கும் சாந்தமான மிஸ்டிக்ஸ் மற்றோர் இனம். மூன்று சூரியன்கள் ஒன்றுகூடும் நாளில் கெல்ஃப்லிங் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அந்தச் சில்லைத் திரும்பப் பொருத்தினால்தான் படிகம் குணமாகும் என்று ஒரு தீர்க்கதரிசனம் இருக்கிறது. அதற்கு அஞ்சிய ஸ்கெக்ஸிஸ் கெல்ஃப்லிங்குகளைப் பூண்டோடு அழித்துவிட்டார்கள். ஜென் என்ற பையனும் கீரா என்ற பெண்ணும் மட்டும் எஞ்சியிருக்கிறார்கள். சில்லைக் கண்டெடுத்துக் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் படம் முழுவதும். இதில் புதுமை எதுவும் இல்லை என்று அன்றைய விமர்சகர்கள் பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறை நியாயமானதே. ஆனால் இந்தப் படத்தின் இருட்டைக் கதையில் தேடுவது வீண் வேலை. அது பாவைகளின் உடலில் இருக்கிறது. அவற்றின் எடையிலும் தள்ளாட்டத்திலும் தோல் சுருக்கத்திலும் இருக்கிறது. கணினி வரைகலை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில், ஒரு மனித முகம்கூடத் திரையில் தோன்றாத முழுநீளப் படத்தைக் கைகளாலும் கம்பிகளாலும் ரப்பர் நுரையாலும் எடுத்தவர்கள், தங்களுடைய தொழிலின் இடர்ப்பாடுகளையே அந்த உலகத்தின் இயல்புகளாக மாற்றிக்கொண்டார்கள். இந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு இருப்பது இதுதான்.

நாணால் உயிர்மருட்டும் மரப்பாவையைப் பள்ளிக்கூடத்துச் செய்யுளிலிருந்தே அறிந்த நமக்கு, பாவை என்றதும் மேலிருந்து இழுக்கும் கயிறுதான் மனத்தில் வருகிறது. ஸ்கெக்ஸிஸ் பாவைகளுக்குக் கயிறு கிடையாது. உள்ளே ஆள் இருக்கிறார். ஆளை விடப் பெரிய அந்த உருவத்துக்குள் முதன்மைக் கலைஞர் நின்றுகொண்டு, ஒரு கையைத் தன் தலைக்கு மேலே தூக்கிப் பாவையின் தலைக்குள் நுழைத்து வாயை அசைப்பார். மற்றக் கை பாவையின் ஒரு கையாகும். பாவையின் இன்னொரு கை வேறொரு கலைஞருக்கு உரியது. கண்ணும் இமையும் முகத்தின் நுண்ணிய அசைவுகளும் கேபிள்கள் வழியாகச் சட்டகத்துக்கு வெளியே அமர்ந்திருப்பவர்களிடம் போய்ச் சேரும். உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. கேமரா பார்ப்பதைக் காட்டும் சிறிய தொலைக்காட்சித் திரை ஒன்றை நெஞ்சில் கட்டிக்கொண்டு, தன் பாவை எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது என்பதை அதன் வழியாகவே அறிந்துகொண்டு அவர் நடிக்க வேண்டும்.

நெடுநேரம் தலைக்கு மேல் தூக்கி வைத்த எந்தக் கையும் நடுங்கத்தான் செய்யும். ஸ்கெக்ஸிஸின் தலைகள் எப்போதும் சற்றே ஆடிக்கொண்டிருப்பதையும், ஒருவன் இன்னொருவன் பக்கம் திரும்பும்போது கழுத்து முதலில் போய் உடல் பின்னால் தாமதமாக வருவதையும் உற்றுப் பார்த்தால், அந்தக் கையின் சோர்வுதான் திரையில் முதுமையாக மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்து அழுகிக்கொண்டே, சாக மறுக்கும் ஓர் இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான நடிப்பைத் திட்டமிட்டுப் பெற்றிருக்க முடியாது. ஒரே உடலின் இரண்டு கைகளும் இரண்டு பேருக்கு உரியவை என்பதால் அவை முழுமையாக ஒத்துப்போவதும் இல்லை. ஒரு கை சாப்பாட்டை எடுக்கும்போது மற்றக் கை தன்பாட்டுக்கு மேசையைப் பிறாண்டிக்கொண்டிருக்கும். விருந்துக் காட்சியை இதற்காகவே திரும்பப் பார்க்கலாம். கொழுப்பு ஒழுகும் அலகுகளும், தட்டிலிருந்து உயிரோடு ஓடப் பார்க்கும் சிறு பிராணிகளும், பக்கத்தில் இருப்பவனின் பங்கைக் கண்ணாலேயே அளந்துகொண்டு உண்ணும் அந்தக் கூட்டமும், அரச விருந்து என்பதன் மேல் இருக்கும் பட்டுத்துணியை ஒரே வீச்சில் உருவி எறிந்துவிடுகின்றன.

துணியை உருவுவது என்று சொன்னதும் நினைவுக்கு வரவேண்டிய காட்சி ஒன்று இருக்கிறது. பேரரசன் செத்ததும் வாரிசுப் போட்டி எழுகிறது. சேம்பர்லேனும், கோட்டையைக் காக்கும் கார்த்திம் படையின் தலைவனும் ஒரு பெரிய கல்லை வாளால் மாறி மாறி வெட்ட வேண்டும். கல்லைப் பிளப்பவனுக்கு அரியணை. சேம்பர்லேன் தோற்கிறான். தோற்றவுடன் மற்றவர்கள் எல்லாரும் அவன் மேல் பாய்ந்து, அடுக்கடுக்காக அவன் அணிந்திருந்த அங்கிகளைக் கிழித்து எடுக்கிறார்கள். சரிகையும் வெல்வெட்டும் நைந்த பின்னல்களும் ஒவ்வொன்றாகப் போன பிறகு, அத்தனை பெரிய உருவத்துக்குள் இருந்தது எலும்பும் தோலுமான, அங்கங்கே மயிர் முளைத்த, கூனிய ஓர் உடல் என்பது தெரியவருகிறது. முதுகுப் பக்கம் பயனற்றுச் சூம்பிய இன்னொரு சோடிக் கைகளும் தெரிகின்றன. மிஸ்டிக்ஸுக்கும் நான்கு கைகள் உண்டு என்பதை முன்பே பார்த்திருப்போம். இரண்டு இனங்களும் ஒரே உயிரின் இரண்டு பாதிகள் என்பதற்கு வசனம் வருவதற்கு வெகுமுன்பே இந்தச் சூம்பிய கைகள் சாட்சி சொல்லிவிடுகின்றன. அந்த அம்மண உடல் முனகிக்கொண்டே கோட்டையை விட்டு வெளியேறுவதைப் பார்க்கையில், இவ்வளவு நேரமாக நாம் வெறுத்துக்கொண்டிருந்தவன் மேல் ஒரு சங்கடமான இரக்கம் பிறக்கிறது. அந்த இரக்கத்தைப் படம் பிறகு நமக்கு எதிராகவே பயன்படுத்திக்கொள்கிறது. நல்லவன்போல் நடித்து ஜென்னையும் கீராவையும் நெருங்கும் சேம்பர்லேனை ஒருகணமாவது நம்பாமல் இருக்க முடிவதில்லை. அந்தப் பாவையை இயக்கியவர் ஃபிராங்க் ஆஸ். குரல் பாரி டெனன்.

மற்ற உயிர்களுக்கும் இதே கணக்குதான். கோட்டையின் காவலர்களான கார்த்திம்கள் நண்டும் வண்டும் கலந்த கருத்த உருவங்கள். ஒவ்வோர் உடையும் 30 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதைச் சுமந்தவர்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, உடையோடு சேர்த்தே ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு இளைப்பாற வைத்தார்கள். திரையில் கார்த்திம்கள் சுவரை உடைத்துக்கொண்டு வரும்போது தரை அதிர்வதாக நமக்குத் தோன்றுவது ஒலிப்பதிவின் திறமை மட்டும் இல்லை. மிஸ்டிக்ஸ் இன்னும் மோசம். ஏறத்தாழக் குந்திய நிலையிலேயே நடந்துகொண்டு, கையை முன்னால் நீட்டி, நீண்ட கழுத்தின் முனையில் இருக்கும் தலையின் முழு எடையையும் அந்தக் கையிலேயே தாங்க வேண்டும். அந்த நிலையில் தன்னால் 5 முதல் 10 விநாடிகள் வரைதான் இருக்க முடிந்தது என்று ஹென்சனே கூறியிருக்கிறார். ஒவ்வோர் இனத்துக்கும் உரிய நடையைக் கண்டுபிடித்துக் கலைஞர்களைப் பழக்குவதற்கென்றே ஷான்-பியேர் அமியல் என்ற சுவிட்சர்லாந்து ஊமக்கூத்துக் கலைஞர் அமர்த்தப்பட்டார். கீராவும் ஜென்னும் ஏறிச் செல்லும் லேண்ட்ஸ்ட்ரைடர் என்ற நெட்டைக்கால் பிராணிகளுக்குள் இருந்தவர்கள், நம் ஊர் மரக்கால் ஆட்டக்காரர்கள் காலில் கட்டிக்கொள்வதைக் கைகளிலும் கட்டிக்கொண்டு நான்கு கால்களில் நடந்தார்கள். அவை ஓடும் காட்சியில் ஒவ்வோர் அடியும் விழுமோ விழாதோ என்ற அச்சத்தோடுதான் வைக்கப்படுகிறது.

இத்தனையும் எங்கிருந்து தொடங்கியது என்று பார்த்தால் ஒரு சித்திரத்தில் போய் நிற்கிறது. லூயிஸ் கரோலின் ஒரு கவிதைக்கு லெனார்ட் லூபின் வரைந்த படங்களில், முதலைகள் நகை பூண்டு, பட்டுடுத்தி, அரண்மனை ஒன்றில் வாழ்ந்துகொண்டிருந்தன. பசியும் பல்லும் உள்ள ஒன்று சரிகை உடுத்தியிருக்கும் அந்த முரண் ஹென்சனைப் பிடித்துக்கொண்டது. 1978 பிப்ரவரியில் பனிப்புயலில் விமானங்கள் நின்றுபோய், நியூயார்க்கின் கென்னடி விமான நிலைய விடுதியில் மகள் செரிலோடு அடைபட்டிருந்தபோது, அவர் இந்தக் கதையின் முதல் வரைவை எழுதினார். திரைக்கதையைப் பின்னர் டேவிட் ஓடெல் எழுதினார். இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பாசி படிந்த பாறைகளுக்கும் முறுக்கிய மரங்களுக்கும் நடுவே வாழ்ந்த ஓவியர் பிரையன் ஃபிரௌடின் படங்களைக் கண்டதும் ஹென்சனுக்கு உலகமே கிடைத்துவிட்டது. வழக்கமாகக் கதை முதலில் வரும், உருவங்கள் அதற்குப் பிறகு வரும். இங்கே உருவங்களும் செடிகொடிகளும் கரண்டி முள்கரண்டிகளும்கூட முதலில் வந்தன, கதை அவற்றுக்கு இடம் கொடுத்துக்கொண்டு பின்னால் நடந்தது. படத்தின் பலமும் பலவீனமும் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. காட்டுக் காட்சிகளில் கீழே தரைக்கு அடியிலிருந்து ஆட்டப்படும் பூஞ்சைகளும் கொடிகளும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி கதாநாயகனை மறந்துவிட முடிகிறது.

கதாநாயகனை மறப்பது அவ்வளவு கடினமும் இல்லை. ஜென்னின் முகத்தை வெண்டி மிடனர் மிகுந்த நுட்பத்தோடு உருவாக்கினார். 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' என்ற ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் யோடா பாவையின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு, அந்த யோடாவை இயக்கியவரும் ஆஸ்தான். ஆனால் யோடாவின் சுருக்கங்கள் செய்த வேலையை ஜென்னின் வழவழப்பான கன்னங்களால் செய்ய முடியவில்லை. மனித முகத்தை நாம் பிறந்ததிலிருந்து படித்துவருகிறோம். அதற்கு நெருங்கி வரும் பாவையில் ஒரு தசை அசையாவிட்டாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அலகுள்ள முகத்தில் என்ன அசைய வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ஹென்சனே ஜென்னை இயக்கியும், தொலைவுக் காட்சிகளில் உயரம் குறைந்த நடிகரான கிரண் ஷா போன்றவர்கள் உடலாக நடந்தும்கூட, அந்தப் பையன் தன் மனத்தில் நினைப்பதை நமக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது. கீரா ஒருபடி மேல். பள்ளத்தில் குதிக்கும்போது அவளுக்குச் சிறகு விரிகிறது. எனக்கு ஏன் சிறகு இல்லை என்று ஜென் கேட்க, நீ பையன் அல்லவா என்று அவள் போகிறபோக்கில் சொல்லும் இடம் படத்தின் அரிய நகைச்சுவைகளில் ஒன்று. ஒரு கண்ணைக் கழற்றிக் கையில் பிடித்து எதிரே இருப்பவரைப் பார்க்கும் ஆக்ரா என்ற கிழவி தோன்றும் இடங்களிலும் படத்துக்கு உயிர் திரும்புகிறது. கோளங்கள் உண்மையாகவே சுழலும் ராட்சத வானியல் பொறியின் நடுவே, தலைக்கு மேல் வரும் கம்பிகளைப் பார்க்காமலேயே குனிந்து தப்பித்துக்கொண்டு அவள் நடமாடுவதைப் பார்த்தால், அங்கே அவள் எத்தனை காலம் வாழ்ந்திருக்கிறாள் என்பது புரிந்துவிடும்.

மொழி விஷயத்தில் நடந்தது ஒரு தனிக் கதை. ஸ்கெக்ஸிஸ் தங்களுக்கென்று புனையப்பட்ட ஒரு மொழியில், திரையின் கீழே மொழிபெயர்ப்பு வரிகள் எதுவும் இல்லாமல் பேச வேண்டும் என்பது ஹென்சனின் முதல் எண்ணம். உடலும் குரலின் தொனியும் போதும், சொற்கள் வேண்டாம் என்று அவர் நம்பினார். அப்படியே எடுத்தும் முடித்தார். 1982இல் வாஷிங்டனில் நடந்த முன்னோட்டத் திரையிடலில் பார்வையாளர்கள் குழம்பிப்போனார்கள். அதன் பிறகு, ஏற்கெனவே வேற்றுமொழியில் அசைந்துவிட்ட அலகுகளுக்குப் பொருந்துமாறு ஆங்கில வசனம் எழுதி ஒட்டினார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த ஒட்டுப்போட்ட வடிவத்தை. முதல் வடிவமே நின்றிருந்தால் படம் இன்னும் கொடியதாக, இன்னும் அழகாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். வாரிசுப் போட்டிக் காட்சியில் ஒரு சொல்கூடத் தேவைப்படாமல் யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரிகிறது. ஆனால் வாஷிங்டனில் இருந்த பார்வையாளர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பேசாத காட்சிகளையே நம்பியிருக்க வேண்டுமானால் கதையின் எலும்புக்கூடு இன்னும் உறுதியாக இருந்திருக்க வேண்டும். சேம்பர்லேனின் மூக்கால் இழுக்கும் அந்த முனகல் மட்டும் எந்த மொழிக்கும் கட்டுப்படாமல் அப்படியே நிற்கிறது.

குழந்தைகள் ஒருபோதும் பயப்படாமலேயே வளர்வது நல்லதல்ல என்பது ஹென்சனின் கருத்து. கிரிம் சகோதரர்களின் பழைய கதைகளில் இருந்த இருட்டை அவர் திரும்பக் கொண்டுவர விரும்பினார். அந்த விருப்பம் முழு வலிமையோடு வெளிப்படுவது பாட்லிங் காட்சியில். பாட்லிங்குகள் பாட்டும் கூத்துமாக வாழும், உருளைக்கிழங்கு முகம் கொண்ட சிறு மனிதர்கள். ஸ்கெக்ஸிஸ் விஞ்ஞானி அவர்களில் ஒருவரை நாற்காலியில் கட்டிப்போட்டு, கருப்புப் படிகத்தின் ஒளிக்கற்றையைப் பார்க்க வைக்கிறான். கண் வெளுக்கிறது, முகம் சுருங்குகிறது, உயிர்ச்சாறு சொட்டுச் சொட்டாகக் குப்பியில் இறங்குகிறது. புதிய பேரரசன் அதைக் குடித்ததும் முகச் சுருக்கம் மறைந்து ஒருகணம் இளமை வருகிறது. வந்த வேகத்தில் போயும் விடுகிறது. சாறு இழந்தவர் செத்துப்போவதில்லை. வெள்ளைக் கண்களோடு கோட்டையில் ஏவல் வேலை செய்துகொண்டிருக்கிறார். கொலையைவிட இது எனக்கு அதிகமாக உறைத்தது. சேம்பர்லேனின் கையில் ஜென் சில்லால் குத்தும்போது எங்கோ தொலைவில் நடந்துகொண்டிருக்கும் மிஸ்டிக் ஒருவரின் கையில் காயம் தோன்றுவதும், விஞ்ஞானி நெருப்புக் குழிக்குள் விழும்போது இன்னொரு மிஸ்டிக் நடைவழியிலேயே எரிந்து மறைவதும் இதன் தொடர்ச்சிதான்: இந்த உலகத்தில் ஓர் உடலுக்கு நேர்வது அந்த உடலோடு நிற்பதில்லை. கெட்டவர்களைக் கொன்றால் நல்லவர்களும் சாவார்கள் என்பதால், போரால் எதுவும் முடியாத சாகசக் கதையாக இது ஆகிவிடுகிறது. நம் சிறுவர்களுக்குப் பழக்கமான அசுர வதத்துக்கு இங்கே வழியே இல்லை.

வியாபாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹென்சனின் தொலைக்காட்சிப் பொம்மை நிகழ்ச்சியான 'தி மப்பெட் ஷோ'வுக்குப் பணம் போட்ட லூ கிரேடின் ஐடிசி நிறுவனம்தான் இதற்கும் பணம் போட்டது; நிறுவனம் கைமாறிப் புதிய உரிமையாளர்கள் படத்தின் மேல் நம்பிக்கை வைக்காததால், ஹென்சன் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் படத்தை மீட்டுக்கொண்டார். அமெரிக்காவில் ஏறத்தாழ 4 கோடி டாலர் வசூல் ஆயிற்று. தோல்வி என்று சொல்ல முடியாது, ஆனால் எதிர்பார்த்த வெற்றியும் இல்லை. இந்தப் படத்துக்காகக் கூடிய கைவினைஞர் கூட்டம் லண்டனில் நிலைத்து, பிற்பாடு ஹென்சனின் உயிருருப் பட்டறையாக வளர்ந்தது.

2019இல் நெட்ஃபிளிக்ஸ் இதன் முன்கதையை 10 அத்தியாயங்கள் கொண்ட தொடராக வெளியிட்டது. இயக்கியவர் லூயி லெட்டரியர். கெல்ஃப்லிங்குகளைக் கணினியில் செய்துவிடலாமா என்று சோதனைக் காட்சி ஒன்றை எடுத்துப் பார்த்த பிறகு, பாவைகளே வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஃபிரௌடும் வெண்டியும் 1982 படத்தின் வேலையின்போது சந்தித்து மணந்துகொண்டவர்கள். அவர்களுடைய மகன் டோபி ஃபிரௌட் இந்தத் தொடரின் வடிவமைப்பைக் கவனித்துக்கொண்டார். கணினி இங்கே ஆட்டுபவர்களைக் காட்சியிலிருந்து அழிக்கவும் தொலைவிலுள்ள மலைகளை விரிக்கவும் பயன்பட்டது. ஜென்னுக்கு முடியாமல்போன பல முகபாவங்கள் இந்தக் கெல்ஃப்லிங்குகளுக்குக் கைவந்திருக்கின்றன. கேமரா அவர்களோடு சேர்ந்து ஓடுகிறது, தாவுகிறது. பழைய படத்தில் ஆஸ்வால்ட் மோரிஸின் கேமரா நிதானமாக நின்றது. பாவையின் எடையை உணர அந்த நிதானம் உதவியது என்பதால் எனக்குப் பழையதே பிடித்திருக்கிறது. 2020இல் இந்தத் தொடர் சிறுவர் நிகழ்ச்சிக்கான எம்மி விருதைப் பெற்றது. அந்த நாட்களிலேயே அடுத்த பருவம் இல்லை என்ற அறிவிப்பும் வந்தது.

இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு, கால வரிசையைப் பார்க்காமல் 1982 படத்தையே முதலில் பார்க்கச் சொல்வேன். கெல்ஃப்லிங்குகள் எல்லாரும் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்பது அதில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் பழைய செய்தி. அதைத் தெரிந்துகொண்டு தொடருக்கு வந்தால், சந்தையில் சண்டையிட்டுக்கொண்டும், நூலகத்தில் ஏடு புரட்டிக்கொண்டும், காதலித்துக்கொண்டும் இருக்கும் அத்தனை கெல்ஃப்லிங் முகங்களையும் அந்த வரிகளோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.